ஓரசு யாருடா என்று அம்மாச்சி கேட்டார்

அன்புள்ள மாப்பிள்ளை,

கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட வீடியோவுக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. இயேசு கதையே ஹோரஸ், மித்ராஸ் என்ற பழைய சாமிகளிடமிருந்தும் சூரிய வழிபாட்டிலிருந்தும் அடித்த காப்பி என்கிற வீடியோ. உன் அம்மா பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள் என்று கேள்வி. அம்மாச்சி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "யாருடா இந்த ஓரசு? அவனுக்கும் இன்னைக்குத்தான் பொறந்த நாளா?" என்றார். அவருக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இப்படிக் கடிதமாக நீண்டுவிட்டது.

நான் கோயில் வாசலை மிதிப்பது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் என்பது உனக்குத் தெரியும். விசுவாசத்தைக் காப்பாற்றும் வேலை எனக்கு இல்லை. உன் வீடியோவில் பாதி பொய், அதைக்கூட மன்னித்துவிடலாம். நிஜமாகவே இருக்கிற விஷயத்தை அது கோட்டை விட்டுவிட்டது, அதுதான் எனக்கு எரிச்சல்.

முதலில் ஹோரஸ், அம்மாச்சியின் ஓரசு. கன்னியின் வயிற்றில் பிறந்தவனாம். எகிப்தியக் கதையில் ஹோரஸின் அப்பா ஓசிரிஸை அவன் தம்பி சேத் கொன்று துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறான். மனைவி ஐசிஸ் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கிறாள். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறபடி பதினாலு துண்டில் ஆண்குறி மட்டும் கிடைக்கவில்லை, நைல் நதி மீன்கள் தின்றுவிட்டன. அதற்கும் ஒன்று செய்து வைக்கிறாள். எகிப்தியச் சிற்பங்களில் அவள் பறவை உருவத்தில் செத்த கணவன்மேல் சிறகடித்துக் கருத்தரிக்கும் காட்சியே இருக்கிறது. அருமையான கதை, ஆனால் இதில் கன்னி எங்கே? (அம்மாச்சிக்குச் சொல்லும்போது மீன் விஷயத்தை விட்டுவிட்டேன்.) குழந்தை ஹோரஸை மடியில் வைத்துப் பால் கொடுக்கும் ஐசிஸ் சிலைகளைப் பார்த்தால் நம் மாதா சுரூபம் ஞாபகம் வரும், அது வாஸ்தவம். அந்த ஒற்றுமையைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அடுத்தது மித்ராஸ், ரோமர்கள் கும்பிட்ட ஒரு சாமி. ரோமில் கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் கிளமென்தே என்று ஒரு கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. மேலே இருப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். 1857-இல் ஜோசப் முல்லூலி என்ற ஐரிஷ் சாமியார் கீழே தோண்ட ஆரம்பித்தார், அடியில் நான்காம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று கிடைத்தது. அதற்கும் கீழே மித்ராஸ் கோயில். படியிறங்க இறங்கச் சில்லிட்டுப்போகும். ஆக அடியில் எங்கிருந்தோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குகை மாதிரித் தாழ்ந்த கூரை, இரண்டு பக்கமும் நம் ஊர்த் திண்ணை போலக் கல் மேடை. அதில் சாய்ந்தபடி விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் பலிபீடம். அதில் மித்ராஸ் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றிக் கத்தியைச் செருகுகிறான்.

இந்த மித்ராஸும் கன்னிக்குப் பிறந்தவன் இல்லை. வாலிபனாகவே பாறையிலிருந்து வெளியே வருகிறான், கையில் கத்தியும் தீப்பந்தமும். பன்னிரண்டு சீடர்கள் என்று உன் வீடியோ காட்டியது, சில சிற்பங்களில் அவனைச் சுற்றி இருக்கும் பன்னிரண்டு ராசிகளை. செத்து மூன்றாம் நாள் எழுந்ததாகவும் எங்கேயும் இல்லை, சாவது காளைதான். அந்த மதத்தார் எழுதி வைத்துவிட்டுப் போன வேதம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. இருப்பது சிற்பமும் கல்வெட்டும், பிறகு வெளி ஆட்கள் போகிறபோக்கில் எழுதிய வரிகளும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் நம்பிக்கைகளை ஒன்று, இரண்டு என்று அடுக்குகிறவனை நம்பாதே.

சரி, நிஜத்துக்கு வருவோம். கி.பி. 354-இல் ரோமில் பிலோகாலுஸ் என்ற எழுத்தோவியக் கலைஞன் வாலன்டினுஸ் என்ற கிறிஸ்தவருக்கு ஒரு நாள்காட்டிப் புத்தகம் செய்து கொடுத்தான். படிகள் வழியாக அது இன்றைக்கும் மிஞ்சியிருக்கிறது. அதில் விழாக்கள் பகுதியில் டிசம்பர் 25-க்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள், முப்பது தேர்ப்பந்தயங்கள்' என்று இருக்கிறது. வெல்லப்படாதவன் என்றால் சூரியன், சோல் இன்விக்டுஸ். 274-இல் ஆரேலியன் என்ற பேரரசன் ரோமில் பெரிய கோயில் கட்டி வைத்த அதே சாமி. இன்னும் சில பக்கம் தள்ளி, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் நினைவுநாள் பட்டியலில், முதல் வரியாகவே, அதே தேதிக்கு 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்'. ஒரே புத்தகம். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிருத்திகையும் ரம்ஜானும் புனித வெள்ளியும் இடித்துக்கொண்டு இருக்கிறதே, அப்படி. வாலன்டினுஸ் அதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று உடனே கேட்பாய். சூரியனுக்கு டிசம்பர் 25 என்று சொல்லும் மிகப் பழைய ஆவணமும் இதுதான், கிறிஸ்துவுக்கு அதே தேதியைச் சொல்லும் மிகப் பழைய பட்டியலும் இதுதான். அதனால் அறிஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சி, சூரிய விழாவின்மேல் சபை தன் விழாவைப் போர்த்தியது என்கிறது. இன்னொரு கட்சி கணக்கைக் காட்டுகிறது. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று இரண்டாம் நூற்றாண்டு முடிகிற சமயத்திலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியிருக்கிறார். கருவானதும் அதே நாள்தான் என்று நம்பினார்கள், ஆயர் அகுஸ்தீனார் அதை எழுதியே வைத்திருக்கிறார். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணு, டிசம்பர் 25 வந்து நிற்கும்.

எனக்கு இந்தக் கட்சிச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. ஏனென்றால் ரோமர்களின் பழைய வழக்கப்படி மார்ச் 25 பகலும் இரவும் சமமாகும் நாள், டிசம்பர் 25 சூரியன் தெற்கே போய்த் திரும்பும் நாள். எந்த வழியாகப் போனாலும் சூரியன் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறோம். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பர் பிறந்தநாளைப் பார், ஜூன் 24. அன்றிலிருந்து பகல் குறையும், கிறிஸ்துமஸிலிருந்து பகல் வளரும். "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்" என்ற அருளப்பர் வசனத்தை எடுத்து அகுஸ்தீனார் இதைத்தான் பிரசங்கம் வைத்தார். ஒளித்து மறைத்துச் செய்த வேலை மாதிரியா இருக்கிறது?

உண்மையில் நான்காம் நூற்றாண்டில் அந்தத் திருப்பம் நாலைந்து நாள் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, பழைய தேதிதான் ஒட்டிக்கொண்டது. சிரிக்காதே. நம் பொங்கலும் அப்படித்தான். உத்தராயணம் பிறக்கிறது என்று நாம் தை முதல் நாள் பானை வைக்கும்போது சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்குமேல் ஆகிவிட்டிருக்கும். நட்சத்திரங்களை வைத்துப் போட்ட கணக்கு சுமார் எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுகிறது. இரண்டும் ஒரே நாளில் இருந்தது சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட அந்த ரோமக் காலண்டர் எழுதிய காலம்.

ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு இந்த ஒற்றுமைகள் தெரியாது என்று உன் வீடியோக்காரன் நினைக்கிறான் பார், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. 155-ஐ ஒட்டி யுஸ்தின் என்ற கிறிஸ்தவர் ரோமப் பேரரசனுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எங்கள் கிறிஸ்து ஆண் துணையில்லாமல் பிறந்தார், இறந்தார், உயிர்த்தார், பரலோகம் ஏறினார் என்கிறோம், உங்கள் ஜூபிடரின் மகன்களைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட இதில் புதுசாக ஒன்றும் இல்லையே, எங்களை மட்டும் ஏன் கொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். மித்ராஸ்காரர்களின் ரொட்டியும் தண்ணீர்க் கிண்ணமும் நாம் பூசையில் வாங்குகிற நற்கருணை போலவே இருப்பதையும் அவரே எழுதுகிறார். பிசாசுகள் காப்பியடித்துவிட்டன என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுக்கிறார். சுத்தச் சொதப்பல் விளக்கம். ஆனால் 'காப்பி' என்ற உன் குற்றச்சாட்டுக்கு வயசு 1,870 ஆகிறது, தெரிந்துகொள்.

நேரடியாக எடுத்தாண்டது ஒன்று வேண்டுமானால் பைபிளில் வரும் நோவா கதையைப் பார். 1872-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் பழைய அசீரிய நகரமான நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகை ஒன்றைப் படித்தபோது, வெள்ளம், பேழை, மலைமேல் தட்டி நிற்பது, பறவைகளை விட்டுப் பார்ப்பது எல்லாம் வரிசையாக வந்தன. புறா, தகைவிலான், காக்கை. கரையேறி பலி கொடுத்ததும் வாசனை பிடித்த தெய்வங்கள் ஈ மொய்ப்பதுபோல் கூடுகின்றன. நம் ஆதியாகமத்தில் "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்". ஈ மட்டும் போய்விட்டது. இன்னொரு பாபிலோனிய வடிவத்தில் வெள்ளம் வரக் காரணமே மனிதர்கள் போட்ட சத்தத்தில் சாமிக்குத் தூக்கம் கெட்டதுதான். எபிரேயர்கள் கதையை வாங்கிக்கொண்டு காரணத்தை மாற்றினார்கள், தூக்கம் கெட்ட இடத்தில் மனிதனின் கொடுமை வந்து உட்கார்ந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மாற்றம்தான்.

திவ்ய நற்கருணை வைக்கும் கதிர்ப்பாத்திரத்தைக் காட்டி, 'பாருங்கள் சூரியன்' என்று வீடியோ முடிகிறது. அந்தக் கதிர் வடிவம் பெரிதாகப் பரவியது பதினேழாம் நூற்றாண்டில். அதற்கு முந்தியவை கோபுரம் மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக ஞாயிறு என்ற சொல்லையே காட்டியிருக்கலாம். 321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் போட்ட விடுமுறைச் சட்டம் கிறிஸ்துவின் பெயரைச் சொல்வதே இல்லை, 'மாண்புமிகு சூரியனின் நாள்' என்றுதான் சொல்கிறது. நம்மவர்களும் அந்தக் கிழமைக்குப் பெயர் மாற்றவில்லை, ஞாயித்துக்கிழமை பூசை என்றே போகிறோம்.

கடைசியாக ஒன்று, அம்மாச்சிக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் லியோ ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் தன் சனங்களைத் திட்டுகிறார். ரோமில் இருந்த பழைய ராயப்பர் (பீட்டர்) கோயிலின் வாசல் கிழக்கே பார்த்தது. காலைப் பூசைக்கு வருகிற கிறிஸ்தவர்கள் படியெல்லாம் ஏறி, உள்ளே நுழைவதற்கு முன்னால் அப்படியே திரும்பி, உதிக்கிற சூரியனுக்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறார்களாம். அந்தக் கோயிலுக்கு அடியிலேயே ஒரு கல்லறை அறை இருக்கிறது. அதன் கூரையில் தங்க நிறப் பின்னணியில் தலையைச் சுற்றிக் கதிர் வீச, வெள்ளைக் குதிரைத் தேரில் ஒருவர் போகிறார். பார்த்தால் சூரியன். ஆனால் சுற்றிச் சுவரில் பைபிளில் வரும் யோனாவும் நல்ல ஆயனும் இருப்பதால் அது கிறிஸ்துதான் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். லியோ திட்டியபோது, அந்தக் கோயிலுக்குக் கீழே அந்தத் தேர் போய்க்கொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் அம்மாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுல திட்டுறதுக்கு என்ன இருக்கு? நான் எந்திரிச்சதும் வாசத் தெளிச்சுட்டுக் கெழக்க பாத்துத்தானே சிலுவை போடுறேன், எங்கம்மாவும் அப்படித்தான்" என்றார்.

ஒரு தடவை அவருக்குப் போன் பண்ணு. ஓரசு பற்றி இன்னும் இரண்டு கேள்வி வைத்திருக்கிறார். மீன் விஷயத்தை நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
மாமா