பச்சைப் பெடலைப் பிரித்த கதை

அன்புள்ள முரளிக்கு,

நலமா? உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயும் வடகத்தை எண்ணிச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேஸ் கிட்டார் வாசிக்கும் நம் பேஸ்காரன் ரிடையர் ஆகி, சென்னைக்கே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு மாடி அறையில் கூடி வாசிக்கிறோம். டிரம்ஸுக்கு அண்ணன் மகன். காலேஜில் நாம் விட்ட இடத்திலிருந்து பிடிக்கிற மாதிரி இருக்கிறது. உன் இடம் மட்டும் காலி.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "பெடலை மிதித்ததும் கிட்டார் மெலிந்துவிடுகிறது, ஆறாவது தந்தி எங்கேயோ போய்விடுகிறது, சிப்பை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள், மாற்றட்டுமா?" என்று கேட்டிருந்தாய். உன்னிடம் இருக்கும் அதே டிஎஸ்9 டியூப் ஸ்கிரீமரைத்தான், கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலால் மிதித்து ஒலியை உடைக்கிற அந்தப் பச்சைப் பெட்டியைத்தான், நான் மூன்று மாதமாகப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சிப்பைத் தொடாதே. நான் அங்கேதான் ஆரம்பித்தேன், ஒரு மாதம் அதிலேயே போயிற்று.

அந்தச் சிப் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். 1979-இல் ஐபனெஸ் பெயரில் முதலில் வந்தது டிஎஸ்808. அதை வடிவமைத்தவர் ஜப்பானில் நிஷின் ஓன்பா கம்பெனியின் சுசுமு தமுரா. அதில் ஒலியைப் பெருக்க ஜேஆர்சி4558 என்ற சிப் இருந்தது. 1982-இல் டிஎஸ்9 வந்தபோது வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிப்களைப் போட்டார்கள். ஸ்டீவி ரே வான் போன்றவர்கள் இந்தப் பச்சைப் பெட்டிகளோடு வாசித்ததால் பழைய 808-க்கு ஒரு மகிமை வந்து, அந்த மகிமை முழுக்க எட்டுக் கால் சிப்பின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. உண்மையில் இரண்டு பெடலுக்கும் சர்க்யூட் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே போகும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்தான் வேறு. 808-இல் 100 ஓமும் 10 கிலோஓமும். டிஎஸ்9-இல் 470 ஓமும் 100 கிலோஓமும். அதையும் மாற்றிப் பார்த்தேன். என் ஆம்பில், என் காதுக்கு, வித்தியாசம் மயிரிழைதான்.

அந்தப் பழைய சிப் ஒன்றை முதலில் தபாலில் வரவழைத்தேன். மேலே 4558டி என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது. பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தேன், எழுத்து முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. போலி. பிறகு ரிச்சி தெருவில் அலைந்து, கொஞ்சம் நம்பிக்கையான இடத்தில் இரண்டு வாங்கினேன், கூடவே டிஎல்072 என்ற வேறு வகைச் சிப் ஒன்று. போர்டில் எட்டுக் கால் சாக்கெட் வைத்துவிட்டதால் சிப்பைக் கழற்றி மாட்டுவது சுலபம். முதல் நாள் ராத்திரி 4558-ஐ மாட்டியதும் "ஆகா, இதுதான்!" என்று தோன்றியது. மறுநாள் அண்ணன் மகனிடம் பெட்டியைக் கொடுத்து, எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரே சின்னத் துணுக்கை வாசித்துக்கொண்டே இருந்தேன். பத்துத் தடவையில் ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன், முரளி. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். அன்றைக்கே சிப்பை மறந்துவிட்டேன்.

உன் ஆறாவது தந்தியைத் தின்பது வேறு இடத்தில் இருக்கிறது. சிப்பின் மைனஸ் இன்புட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதோடு தொடராக 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் போகும். இந்த ஜோடிதான் பெடலின் குணத்தையே தீர்மானிக்கிறது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ் வரும். அதற்கு மேலே உள்ள சுரங்களுக்கு முழுப் பெருக்கம் கிடைக்கும். டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் ஏறக்குறைய 118 மடங்கு. அதற்குக் கீழே போகப் போக பெருக்கம் குறைந்துகொண்டே வரும். திறந்து அடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ். அந்த அடிநாதத்துக்குக் கிடைப்பது மேலே உள்ளதற்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பெடல் பேஸை வெட்டவில்லை, அதை மற்றதோடு சேர்த்துத் தூக்கவில்லை. அதனால்தான் மெலிந்தது போலக் கேட்கிறது. டோன் குமிழ் இருக்கும் பகுதியும் கிட்டத்தட்ட அதே 720-க்கு மேலே உச்சத்தைத் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்து நடுவில் மட்டும் காளைத் திமில் மாதிரி எழும்பி நிற்கிறது.

அந்தக் கெபாசிட்டரை மட்டும் 0.1 ஆக்கினால் 720 என்பது 339-க்கு இறங்கிவிடும். ஐந்து ரூபாய் வேலை. ஆனால் அந்த ஐந்து ரூபாய் வேலையில்தான் போர்டைக் கெடுக்கப் பார்த்தேன். நீயும் அதையே செய்யக் கூடாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

ஈயம் முழுக்க உருகுவதற்குள் கெபாசிட்டரை மூக்குக் குறடால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. சால்டரிங் அயர்னை இன்னும் அழுத்தி வைத்தேன். ரோசின் புகை மூக்கில் ஏற, திடீரென்று சடக்கென்று வந்தது. பார்த்தால் கெபாசிட்டர் காலோடு நகக்கண் அளவுக்குச் செம்பு வட்டமும் உரிந்து வந்திருக்கிறது. போர்டில் அந்த இடத்தில் வெறும் பழுப்புத் துளை. வயிறு கலங்கிவிட்டது. அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். பிறகு லென்ஸ் வைத்து அந்தச் செம்புக் கோடு எங்கே போகிறது என்று தேடி, வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் ஒன்றை வளைத்து, அடுத்த ஜாயின்ட் வரைக்கும் பாலம் போட்டேன். இன்றுவரை தாங்குகிறது. நீ செய்யும்போது பழைய ஈயத்தின் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயம் வை, அப்போதுதான் அது சீக்கிரம் இளகும். பிறகு செம்புப் பின்னல் வைத்து உறிஞ்சு. மூன்று விநாடிக்கு மேல் சூடு வேண்டாம். வரவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி தொடு. இழுக்கவே கூடாது, சரியாக இளகியிருந்தால் தானே நழுவி வரும்.

0.1 போட்டு முதல் முறை ஈ கார்டு அடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது ஒலி. தனியாக உட்கார்ந்து ராத்திரி ஒரு மணிவரை வாசித்தேன். "முடிந்தது, இதுதான் என் டோன்" என்று பெட்டியைத் திருகி மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே பேஸ்காரன் நிறுத்திவிட்டான். "நான் வாசிக்கிறது எனக்கே கேட்கலைடா" என்றான். ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் கேட்டோம். சேறு, முரளி. என் கிட்டாரின் கீழ்ப்பகுதி பேஸின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. கிக் டிரம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் என் கிட்டாரில் ஹம்பக்கர் வகை, அதற்கு ஏற்கெனவே கனம் அதிகம். கீழ்ச்சுரங்களும் சேர்ந்து உடையும்போது கார்டு கூழாகிவிடுகிறது. பெடலை முதலில் வடிவமைத்தவர்கள் 720-இல் வைத்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாலு பேர் வாசிக்கும்போது கிட்டாருக்கென்று விட்டுவைத்த இடம் அந்தத் திமில். ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள் டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றி, இதே பெடலை ஆம்புக்கு முன்னால் போடுவதும் கீழ்ச்சுரங்களை இறுக்கமாக்கத்தான்.

கடைசியில் 0.068-இல் நின்றேன். கணக்குப்படி 498 ஹெர்ட்ஸ். தனியாக வாசித்தால் 0.1 அளவுக்குச் சுகம் இல்லை. ஆனால் சேர்ந்து வாசிக்கும்போது பேஸ்காரன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, எனக்கு அது போதும்.

டயோடு பற்றியும் கேட்டிருந்தாய். பெடலில் ஒலியை உடைப்பது அதுதான். இரண்டு சிலிக்கான் டயோடு எதிரெதிராக நிற்கும், அலையின் மேல் தலையையும் கீழ்த் தலையையும் ஒரே அளவில் மழிக்கும். ஒரு பக்கம் மட்டும் இன்னொரு டயோடைத் தொடராகச் சேர்த்தால் இரண்டு பக்கமும் சமமில்லாமல் உடையும். பாஸ் கம்பெனி 1977-இல் ஓடி-1-இல் செய்தது அதைத்தான், எஸ்டி-1-லும் அதுதான். எனக்கு அது பிடித்தது, சேர்த்த டயோடை அப்படியே விட்டுவிட்டேன். மெல்ல மீட்டினால் குரல் மாதிரி ஒரு சொரசொரப்பு வருகிறது. அந்த டயோடுகளுக்குப் பதில் சிவப்பு எல்இடி போட்டால் சத்தம் கூடும், உடைவது குறையும். ஜெர்மேனியம் டயோடு போட்டால் எல்லாம் அமுங்கிப் போகிறது. இதில் ஒன்று முக்கியம். எதை மாற்றினாலும் லெவல் குமிழைத் திருப்பிப் பழைய சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது "இதுதான் நல்லது" என்று சொல்லிவிடும். அதிலேயே எனக்கு இரண்டு வாரம் வீணானது.

உன்னுடையது ஸ்ட்ராட் கிட்டார், சிங்கிள் காயில் பிக்கப், என்னுடையதைவிட மெல்லிய குரல். அதனால் உனக்கு 0.1 கூடச் சரியாக வரலாம். கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. இந்தத் தாளின் பின்பக்கம் மூன்று ஃபிலிம் கெபாசிட்டரை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். 473 என்று எழுதியிருப்பது பழைய 0.047, 683 என்பது 0.068, 104 என்பது 0.1. 473-ஐ எதற்கு அனுப்புகிறேன் என்றால், பழையதைக் கழற்றும்போது உடைந்தாலும் திரும்பிப் போக வழி இருக்கட்டும் என்றுதான். நேரடியாகப் போர்டில் சால்டர் செய்யாமல் சின்ன இரண்டு துளை சாக்கெட்டை வைத்து, மூன்றையும் மாற்றி மாற்றிக் குத்திக் கேள். அந்தச் சாக்கெட்டையும் உறையில் போட்டிருக்கிறேன்.

உன் மாடி வீட்டுப் பையன் பேஸ் வாசிப்பான் என்று எழுதியிருந்தாயே, அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள். மூன்றையும் ஃபோனில் ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, எது எது என்று சொல்லாமல். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கேட்டுவிட்டுப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
சேகர்