கெம்னிட்ஸிலிருந்து அம்மாவுக்கு

கெம்னிட்ஸ், ஜெர்மனி,
7-12-2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, தங்கச்சி எல்லாரும் நலம்தானே? வாட்ஸாப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டியாடா?" என்று கேட்ட உடனே "சாப்பிட்டேம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது. கூடப் படிக்கும் திண்டுக்கல் பையன் புதன்கிழமை ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்காக இங்கே வங்கியில் முடக்கி வைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வருகிறது. அது நம் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் என்பது உனக்கே தெரியும். வாடகை, மருத்துவக் காப்பீடு, போன், அடுத்த பருவக் கட்டணம், வட்டிக்கென்று ஒதுக்குவது எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு 120 யூரோ வைத்திருக்கிறேன். நாளைக்கு 4 யூரோ, அதாவது 400 ரூபாய். "400 ரூபாயா!" என்று நீ வாயைப் பிளப்பது இங்கே தெரிகிறது. கடையில் ரொட்டிக்குள் கறியைத் திணித்துக் கொடுப்பார்கள், டோனர் என்று பெயர். அது ஒன்றே ஆறேழு யூரோ.

ஏப்ரலில் வந்த புதிதில் எதைத் தொட்டாலும் நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு சின்னக் கட்டுக் கொத்தமல்லி 100 ரூபாய்க்கு மேலா! வேண்டாம். கடைசியில் கூடையில் மிஞ்சுவது வெள்ளை ரொட்டி, ஜாம், நூடுல்ஸ். வயிறு நிறையும், ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். ஜூனில் வாயெல்லாம் புண். மூன்றாவது மாடி ஏறினால் தலை சுற்றியது. டாக்டரிடம் போனேன். நேற்று என்ன சாப்பிட்டாய் என்றார். ரொட்டி. முந்தாநாள்? ரொட்டி. காய்கறி? உருளைக்கிழங்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள்.

அன்று ராத்திரி உன் சத்துணவுக் கூடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை. காய்க்கு வரும் காசு எந்த மூலைக்கும் காணாது. தக்காளி விலை ஏறினால் புளியைக் கூட்டுவாய், போர்க்குழாய் பக்கத்து மரத்திலிருந்து முருங்கைக்கீரையை உருவிச் சாம்பாரில் போடுவாய். வரிசையில் என் தட்டு வந்தால் மட்டும் உடைந்த முட்டையைப் போடுவாய், தெரியாது என்று நினைத்தாயா? மகனுக்கு நல்லதைப் பொறுக்கிப் போடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது உனக்கு. அப்போது கோபமாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளே கடையில் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தேன். மலிவானது எல்லாம் கீழேதான் இருக்கும். மைசூர்ப் பருப்பு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, சிவப்புப் பருப்பு என்று பெயர் போட்டிருப்பான். ஊறவைக்கவே வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். அப்புறம் மில்ஷ்ரைஸ். பால் பாயசம் மாதிரி ஒன்று செய்வதற்கென்று விற்கிற குட்டையான அரிசி, அரைக் கிலோ ஒரு யூரோவைச் சுற்றி. பாஸ்மதி இதைவிட விலை அதிகம், பொங்கலுக்கு உதவவும் உதவாது. இதுவோ குழையக் குழைய வேகிறது. மிளகு சீரகம் தாளித்து, பருப்பைச் சேர்த்துப் பொங்கினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். தயிர்ச்சாதத்துக்கும் அதேதான். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். முதல் தடவை திறக்காமல் கடுகு போட்டேன், புகை மணி அடித்து மாடி முழுக்கப் பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியத்துக்கு டப்பாவில் பொங்கலோ பருப்புச் சாதமோ. சாயங்காலம் ஒரு முட்டை, கூட முட்டைக்கோஸ் அல்லது கேரட் பொரியல். குளிர்காலத்தில் இவை இரண்டும்தான் மலிவு. கீரைக்கு உறைய வைத்த பசலை, கட்டி கட்டியாக இருக்கும், இரண்டு கட்டியை எடுத்துப் பருப்பில் போட்டால் போதும். குவார்க் என்று ஒன்று விற்கிறார்கள், தயிரைத் துணியில் வடிகட்டினது மாதிரி. அரைக் கிலோவில் 60 கிராம் புரதம், விலை ஒன்றரை யூரோவுக்குள். கொண்டைக்கடலை சிரியாக்காரர் கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது, கொத்தமல்லியும் அங்கே கட்டு பெரிசு. வாரம் ஒரு நாள் மென்சாவில், அதாவது பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில், சாப்பிடுகிறேன், சமையலிலிருந்து எனக்கும் ஒரு நாள் லீவு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, ஊரே பூட்டிக் கிடக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போனால் தேதி நெருங்கிய தயிர், ரொட்டிக்கு 30 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தேதி தாண்டினால் விஷம் என்று பயந்திருந்தேன். அதுவரை தரம் குறையாது என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இப்போது நீ பாலை மோந்து பார்க்கிற மாதிரி மோந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். (அரைத்த கறிக்கு வேறு தேதி போடுகிறார்கள், அதோடு விளையாடக் கூடாது.)

இன்னொன்று, அப்பாவிடம் சொல்லாதே. இங்கே பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போதே 25 சென்ட் கூட வாங்கிக்கொள்வார்கள், காலி பாட்டிலை எந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். வயசானவர்கள் குப்பைத் தொட்டியில் டார்ச் அடித்துப் பாட்டில் தேடுவதை வந்த புதிதில் பார்த்துத் திகைத்துப் போனேன், ஜெர்மனியிலா இது என்று. கோடையில் ஒரு நாள் விடுதிப் பிள்ளைகள் புல்வெளியில் பார்ட்டி முடித்துப் போன பிறகு நானே 14 பாட்டில் பொறுக்கினேன். மூன்றரை யூரோ. கிட்டத்தட்ட ஒரு நாள் சாப்பாடு. தொட்டிக்குள் மட்டும் கைவிடவில்லை, அது அந்தக் கிழவர்களுடையது.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது வேறு. ஊர் நடுவே கார்ல் மார்க்ஸின் தலை, 7 மீட்டர் உயரம், வெண்கலம். 1990 வரை இந்த ஊருக்கே அவர் பெயர்தான். தலை மட்டும்தான், உடம்பு கிடையாது. வயிறு இல்லாதவருக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லை என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். படம் அனுப்புகிறேன்.

வாய்ப்புண் ஜூலையோடு போயிற்று. இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வெயிலே தோலில் படாததால் வைட்டமின் டி மாத்திரை மட்டும் போடுகிறேன். தண்ணீர் குழாயிலேயே குடிக்கலாம், அந்தச் செலவு இல்லை.

பையன் திரும்பும்போது நெய் கொடுத்து அனுப்பாதே, பால் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடி செய்து கொடு, கூட மோர் மிளகாய் கொஞ்சம். முறுக்கு வேண்டாம், பெட்டியில் இடத்தை அடைக்கும்.

முருங்கைக்கீரைக்குப் பதில் பசலை போட்டு உன் சாம்பாரை வைத்துப் பார்த்தேன், புளி தூக்கலாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு புளி போடுவாய் என்று மட்டும் எழுதி அனுப்பு. 80 பிள்ளைகளுக்கு என்ன அளவோ அதைச் சொல், நான் வகுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மகன்