போலந்துப் படங்களுக்குக் கதைச் சுருக்கம் சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு

வணக்கம்.

சப்டைட்டில் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத எத்தனையோ பேர் உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பியப் படங்களுக்குள் வருகிறார்கள். அந்த மதிப்பு இருப்பதால்தான் எழுதுகிறேன். போலந்துக் குடும்பப் படம் ஒன்று கிடைத்தால் போதும், தம்ப்நெயிலில் சிவப்பு எழுத்தில் ‘அப்பா மகள் தகாத உறவு’ என்று போட்டுவிடுகிறீர்கள். பல நேரம் படத்தின் பெயர்கூட இருப்பதில்லை.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1980-களின் கடைசியில் போலந்துத் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘டெக்கலாக்’ தொடரின் நான்காம் பகுதியையே பாருங்கள். ஈஸ்டர் திங்களன்று அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை ஊற்றி விளையாடுகிறார்கள். அந்த நாட்டு வழக்கம் அது. அப்பா ஊரில் இல்லாதபோது, ‘என் மரணத்துக்குப் பிறகு திறக்கவும்’ என்று அவர் எழுதிய உறை மகள் ஆன்காவிடம் சிக்குகிறது. உள்ளே இன்னோர் உறை. இறந்துபோன அம்மா மகளுக்கு எழுதியது. அதை அவள் பிரிப்பதில்லை. அம்மாவின் கையெழுத்தைப் பழகித் தானே ஒன்றை எழுதி, ‘மிஹாவ் உன் அப்பா இல்லை’ என்று விமான நிலையத்தில் அப்பா மிஹாவிடமே ஒப்பிக்கிறாள். அன்றிரவு அவள் நெருங்க, அவர் விலகுகிறார். விடிந்ததும் அவரைக் காணாமல் ‘அப்பா!’ என்று கத்துகிறாள். பிறகு இருவருமாக அம்மாவின் அந்தப் பிரிக்காத கடிதத்தை எரிக்கிறார்கள். நீங்கள் சொல்வது அந்த ஓர் இரவை மட்டும்.

பிலிப் மார்செவ்ஸ்கியின் ‘பெஸ் வ்ஸ்திது’ (2012) அக்காவைக் காதலிக்கும் தம்பியின் கதை. போலந்துக் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவில் இப்படிப்பட்ட உறவுக்கு 5 ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் அக்காவின் காதலன் இனவெறி அரசியலில் இருப்பதும், அந்தத் தம்பிமேல் ஒரு ரோமா பெண் ஆசை வைப்பதும் உங்கள் சுருக்கத்தில் காணாமல் போகின்றன.

மக்தலேனா பியேகோஷின் ‘பிரெங்கி’யை (2004) உங்களில் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. மகனை அடித்தே வளர்க்கும் தகப்பனும், வளர்ந்த பிறகும் யாரையும் அண்டவிடாத அந்த மகனும்தான் படம். வீட்டுக்குள் நடப்பதை வெளியே பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டை உடைத்தது அது; போலந்தின் கிதினியா திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதும் வாங்கியது. பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைப் போலந்துச் சட்டம் தடைசெய்தது 2010-இல்தான். ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இதைவிட நெருங்கிய கதை ஏது?

அடுத்து அதை எடுங்கள். படத்தின் பெயரையும் இயக்குநர் பெயரையும் தலைப்பிலேயே போடுங்கள். ‘டெக்கலாக்’கைச் சொன்னால் அந்தக் கடிதம் எரியும்வரை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர் ஒருவர்