தொடக்கப் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் தொடக்கப் பள்ளியின் கணினி ஆய்வகத்தைப் பழுது நீக்கி, வரும் கல்வியாண்டு முழுவதும் தடையின்றி நடத்துவதற்காகப் பெற்றோரும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அமைத்துள்ள குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம்.

ஆய்வகத்தில் 20 கணினிகள் உள்ளன. அவற்றுள் 11 மட்டுமே இயங்குகின்றன. ஒரு வகுப்பில் 33 குழந்தைகள் இருப்பதால் ஒரு கணினியின் முன் மூவர் அமர வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் 40 நிமிடப் பாடவேளையில், குழந்தைகள் வந்து அமர்வதற்கும் பழைய ஹார்டு டிஸ்க் கொண்ட கணினி ஒருவழியாகத் திறப்பதற்கும் 10 நிமிடம் போய்விடுகிறது. எஞ்சிய 30 நிமிடத்தை மூவருக்கும் பங்கிட்டால், ஒரு குழந்தையின் கைக்கு மவுஸ் வருவது வாரத்துக்கு 10 நிமிடம். அதுவும் கணக்கில்தான். மூவரில் துணிச்சலுள்ள குழந்தை மவுஸை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.

நீச்சலைப் போலவே கணினியும் பார்த்துக் கற்கும் பாடமன்று. பெரியவர்களாகிய நாம் எண்ணிப் பார்க்காமல் செய்யும் இரட்டைச் சொடுக்கு ஆறு வயதுக் குழந்தைக்குக் கடினமான வேலை. முதல் சொடுக்குக்கும் இரண்டாவதற்கும் இடையில் மவுஸ் நகர்ந்துவிடும். ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் டக்ஸ் பெயிண்ட் போன்ற இலவச ஓவியச் செயலியில் கோடு இழுப்பது, வண்ணம் நிரப்புவது, வரைந்ததைத் தன் பெயரில் சேமித்து அடுத்த வாரம் தேடி எடுப்பது ஆகியவையே பாடம். மூன்றாம் வகுப்பில் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிர் எழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் வலப்பக்கமும் இருப்பதால், எழுத்து வரிசையை அண்மையில் கற்ற குழந்தைகள் அதை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் குழந்தைகளுக்கான ஸ்கிராட்ச் என்னும் நிரல்மொழியைக் கற்பிக்கிறோம். கணினிக்குக் கட்டளை எழுதியே குழந்தைகள் கணிதம் கற்கலாம் என்று கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1967இல் உருவாக்கிய, பின்னாளில் திரையில் ஓர் ஆமையை நகர்த்தும் வசதியும் பெற்ற லோகோ மொழியின் வழிவந்தது அது. ஸ்கிராட்ச்சை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்டது. கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தித் திரையிலுள்ள பூனையை நடக்கவைக்கும் குழந்தை, பூனை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் உண்மையில் கற்கத் தொடங்குகிறது. எந்தக் கட்டளை தவறு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அதற்குப் பொழுது வேண்டும். 10 நிமிடத்தில் அது முடிகிற காரியமில்லை. கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதிருத்தல், முகம் தெரியாதவர் கேட்கும் விவரங்களைத் தராமல் பெரியவரிடம் சொல்லுதல் ஆகிய பழக்கங்களும் இந்த அறையிலேயே கற்பிக்கப்படுகின்றன.

இதற்காகப் புதுக் கணினிகள் வாங்க நாங்கள் திட்டமிடவில்லை. இருப்பவற்றின் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தி, நினைவகத்தைக் கூட்டினால், நின்றுபோன 9 கணினிகளுள் 7 மீண்டும் இயங்கும் என்று பழுது பார்ப்பவர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். அவ்வாறாயின் 18 கணினிகள் இருக்கும். ஒரு கணினிக்கு இருவருக்கு மேல் அமர வேண்டியதில்லை. கணினியை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. எங்கள் கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதியை எட்டாதவை. எனவே அனைத்திலும் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் நிறுவ முடிவு செய்துள்ளோம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கணினி வாங்கித் தந்து அதன்மேல் பெயர் எழுதிவைக்க விரும்பும் நல்ல உள்ளங்கள் உண்டு. மின்சாரம் நின்றால் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் பேட்டரிக்குப் பணம் தர முன்வருவோர் அரியர். பேட்டரியில் பெயர் பொறிக்க இடமும் இல்லை! ஆனால் இந்த ஆய்வகம் முடங்கியது சிறு பொருள்களால்தான். கணினியின் உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட்டதால் பாதுகாப்பான இணையதளங்கள் எவையும் திறக்காமல், ஒரு கணினி பழுதானதாக நெடுநாள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. ஆகவே திரட்டும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்பு நிதியாகத் தனியே வைப்போம். யூபிஎஸ் பேட்டரி, மவுஸ், ஒலியளவுக்கு வரம்புள்ள ஹெட்போன், குழந்தைகளின் கால் தொங்காமல் இருக்க மேசைக்கு அடியில் இடும் கால்பலகை ஆகியவை அதிலிருந்து வாங்கப்படும்.

மிகப் பெரிய செலவு பொருளுக்கு அன்று, ஆளுக்கு. 33 குழந்தைகளில் ஐவர் ஒரே நேரத்தில் கையுயர்த்தினால் ஓர் ஆசிரியர் என்ன செய்ய இயலும்? பாடவேளைகளில் உடனிருந்து உதவவும், கணினிகளை முன்கூட்டியே திறந்து வைக்கவும், பழுதுகளை ஏட்டில் குறித்து வைக்கவும் பகுதிநேர உதவியாளர் ஒருவரை ஓராண்டுக்கு அமர்த்த விரும்புகிறோம். தொகை முழுமையாகச் சேராவிட்டால் ஹெட்போனையும் கால்பலகையையும் தள்ளிப்போடுவோமே தவிர உதவியாளரைக் கைவிட மாட்டோம்.

பயன்படுத்திய கணினிகளைத் தர விரும்புவோர் முதலில் அதன் விவரங்களைக் குழுவிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். கோப்புகளை அழித்துவிட்டாலும் மீட்டெடுக்க முடியும் என்பதால், நீங்கள் உடனிருக்கும்போதே ஹார்டு டிஸ்க்கிலுள்ள தரவு அனைத்தையும் மீட்க முடியாதபடி அழித்துவிடுவோம். பின்புறம் பெருத்த பழைய குழாய்த் திரைகளை (சிஆர்டி) கொண்டுவர வேண்டாம். அவற்றின் கண்ணாடியில் ஈயம் உண்டு, அப்புறப்படுத்தும் பொறுப்பும் செலவும் பள்ளியின் தலையில் விழும்.

நன்கொடைக்குத் தொகை வரம்பு இல்லை. பணத்தைக் குழுவின் பொருளாளரிடமோ பள்ளி அலுவலகத்திலோ கொடுத்து, எண்ணிட்ட ரசீதைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு செலவுச் சீட்டிலும் குழு உறுப்பினர் இருவர் ஒப்பமிடுவர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்குப் பள்ளி அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும். குழந்தைகளின் ஒளிப்படங்களை நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதில்லை என்றும் தீர்மானித்துள்ளோம். வகுப்பு நடப்பதைக் காண விரும்புவோர் தலைமையாசிரியரிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு நேரில் வரலாம்.

பணிகளை விடுமுறை நாள்களில் முடித்தால்தான் பள்ளி திறந்த முதல் வாரமே பாடம் தொடங்க இயலும். ஆதலால் விடுமுறை தொடங்கும் முன் உங்கள் பங்கைத் தந்துதவ வேண்டுகிறோம். பணம் தர இயலாதவர்கள் விடுமுறையின் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு வரலாம். கணினிப் பெட்டிகளைத் திறந்து தூசி தட்டவும், கம்பிகளை ஒழுங்குபடுத்தவும், லினக்ஸ் நிறுவவும் ஆள் தேவை. திருப்புளி வைத்திருப்போர் அதையும் எடுத்து வாருங்கள், பள்ளியில் ஒன்றுதான் இருக்கிறது.

இங்ஙனம்,
கணினி ஆய்வகப் புதுப்பிப்புக் குழுவினர்