தொட்டி வாங்கும் முன் ஒரு கடிதம்

அரியமான்

மாப்ளே முருகேசா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமென்று நினைக்கிறேன். கனி மகள் கல்யாணத்துக்கு நீ வராததை நான் கேட்கப்போவதில்லை, கனி கேட்பான், அவனுக்குப் பதிலைத் தயார் பண்ணிக்கொள். செவத்தியானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாம்பன் புதுப் பாலத்தில் போகிற ரயிலின் பெட்டிகளை வீட்டு மாடியிலிருந்தே எண்ணிவிடுவேன் என்கிறான். நீயே வந்து கேட்டுக்கொள்.

உச்சிப்புளி வீட்டை மராமத்து பண்ணி ஹோம்ஸ்டே ஆக்குவதும், பின்பக்கம் தென்னைகளுக்கு நடுவே மருமகன் ஹாட் டப் என்கிற வெந்நீர்க் குமிழித் தொட்டி போடுவதும் கேட்டு சந்தோஷம். "போர்ல தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு, வேற என்னடா வேணும்?" என்றாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி, மருமகனையும் படிக்கச் சொல்.

பொங்கல் விடுமுறையில், நான் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற எங்கள் விடுதியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையெல்லாம் நிரம்பி, தொட்டிக்கும் குடும்பவாரியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று பகல் முழுக்க ஆள் மாற்றி ஆள் இறங்கினார்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, மேலெல்லாம் அக்னி தீர்த்தத்து உப்பும் மணலும், தலையில் தேங்காய் எண்ணெயுமாக நேரே தொட்டிக்கு வருகிறவர்கள்தான் பாதிப்பேர். சாயங்காலம் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு ஏறும். ஏறவில்லை. குளோரின் மிதமிஞ்சிப் போனாலும் நிறம் வெளுத்து, இல்லாததுபோலக் காட்டுவது உண்டு. அதனால் பாட்டில் தண்ணீர் கலந்து நீர்க்க வைத்தும் பார்த்தேன். அப்போதும் நிறமே இல்லை. தலை சாய்க்கிற திண்டைக் கழற்றி அதன் அடியில் விரலை ஓட்டினேன். ஊரணிப் படிக்கட்டுப் பாசி மாதிரி வழுவழுத்தது.

சுவிட்சை அணைத்து, மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டேன்.

ராத்திரி முறை வாங்கியிருந்த குடும்பம் வந்து நின்றது, கூடவே மேனேஜரும். "அடி வரைக்கும் தெளிவாத் தெரியுது, இதுல என்ன கோளாறு கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரே சத்தம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மேனேஜர் அப்புறம் சில நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். நாளைக்கே அப்படி ஒரு தண்ணீரைப் பார்த்தாலும் பூட்டத்தான் செய்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். தெளிவாக இருக்கிற தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. தொட்டிச் சூடு 37லிருந்து 40 டிகிரி. கிருமிக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. நீச்சல் குளத்தில் நாலு பேர் இறங்கினால் தண்ணீர் தாங்கும். 1500 லிட்டர் தொட்டியில் அதே நாலு பேரின் வேர்வையும் எண்ணெயும் மொத்தக் குளோரினையும் தின்று தீர்த்துவிடும். சூட்டில் குளோரின் இன்னும் வேகமாகத் தீரும். தீர்ந்த பிறகு சூடோமோனாஸ் என்கிற கிருமி கிளம்பும். குளித்துப்போன ஓரிரு நாளில் உடுப்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் சிவந்து, மயிர்க்கால்தோறும் கொப்புளம். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் பிள்ளையின் முதுகை அப்படிப் பார்க்கிற தாய்க்கு அந்தச் சமாதானம் போதுமா?

அதைவிட மோசமானது லெஜியோனெல்லா. 1976ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் கொத்துக்கொத்தாக நிமோனியாவில் விழுந்தபோதுதான் இந்தக் கிருமி உலகத்துக்குத் தெரியவந்தது. குடித்தால் வருகிற வியாதி இல்லை இது. குமிழி உடைந்து எழுகிற நுண்ணிய சாரலை மூச்சில் இழுத்தால் வருவது. 1999ல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே விற்பனைக்கு இந்த மாதிரித் தொட்டிகளைத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அதில் யாரும் குளிக்கவில்லை, மாப்ளே. பக்கத்தில் நடந்து போனார்கள், அவ்வளவுதான். நூற்றுக்கு மேல் ஆட்கள் நோயில் விழுந்தார்கள், இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் வீட்டுத் திண்ணையில் அம்மா உட்காருகிற இடத்துக்கும் தென்னை மரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்.

சரி, இனி உன் போர்த் தண்ணீருக்கு வருவோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்று உன் அம்மா நாம் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொல்வார்கள். மணலில் கையளவு தோண்டினால் ஊறுகிற தண்ணீர் வேறு, ஆழ்துளையில் வருவது வேறு. நம் கரையில் ஆழம் போகப்போக உப்பும் கடினமும்தான். பருப்பை வேகவிடாத அதே சுண்ணாம்பு, தண்ணீர் சுட்டதும் பிரிந்து ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும், கொஞ்ச நாளில் ஹீட்டர் போய்விடும். அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினாலும் ஆகாது. சுண்ணாம்பே இல்லாத தண்ணீர் உலோகத்தை அரிக்கும். கால்சியம் கடினம் 150லிருந்து 250 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம், இருக்கட்டும். காவிரிக் குழாய்த் தண்ணீரோ நல்ல டேங்கர் தண்ணீரோ பாதிக்கு மேல் கலந்தால்தான் உன் இடத்தில் அது நடக்கும். எதற்கும் போர்த் தண்ணீரை ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீரை நிரப்பியதும் முதலில் பார்க்க வேண்டியது காரத்தன்மை. 80லிருந்து 120 பிபிஎம். குறைந்தால் ஆப்ப சோடாதான் மருந்து. 1500 லிட்டருக்கு 25 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். அதைச் சரிசெய்த பிறகுதான் பிஎச்சில், அதாவது தண்ணீரின் அமில-கார அளவில், கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஎச் இன்று ஒரு எண், நாளை ஒரு எண் என்று ஆடிக்கொண்டே இருக்கும். ராவுத்தர் சார் லேபில் நீல லிட்மஸ் தாளை வைத்துக்கொண்டு நீ செய்த காரியம் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதே சமாச்சாரம்தான், இந்தத் தடவை ஒழுங்காகச் செய். 7.2க்கும் 7.8க்கும் நடுவே நிற்க வேண்டும். குமிழி ஓட ஓடத் தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும். தினமும் பார்க்கச் சொல்வது அதனால்தான். 7.5ல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லுகிற வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் கால் பங்குகூட இருக்காது. குளோரினைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், கிருமியும் இருந்துகொண்டே இருக்கும்.

குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே ஒரு நிமிஷமும் இறங்கக் கூடாது. டைக்ளோர் என்று வெள்ளைக் குருணையாக விற்கிறார்கள். 1500 லிட்டருக்கு 8 கிராம் போட்டால் 3 பிபிஎம் ஏறும். அதோடு சயனூரிக் அமிலமும் கொஞ்சம் சேரும். நம் வெயிலில் குளோரின் சிதைந்து போகாமல் காப்பது அதுதான். ஆனால் அளவு மீறிச் சேர்ந்தால் குளோரினின் கையையே கட்டிப்போட்டுவிடும். ஆகவே நான் தண்ணீர் மாற்றிய புதிதில் மட்டும் டைக்ளோர் போடுவேன், அமிலம் 30 பிபிஎம் தொட்டதும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறிவிடுவேன். அந்தக் கேனை வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். பஞ்சாயத்தில் கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை மருமகன் வாங்கி வந்தால் திருப்பி அனுப்பு. இருக்கிற சுண்ணாம்பு போதாதென்று அது இன்னும் சேர்க்கும். ஒன்றை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டு: பிளீச்சிங் பவுடரும் டைக்ளோரும் ஒரே கரண்டியில் படக் கூடாது, தீப்பிடிக்கும். ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு. எந்த மருந்தானாலும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தொட்டிப் பக்கம் போனதும் மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால், மருந்து அதிகம் என்று நினைத்துக் குறைக்கிறார்கள். இங்கே வேலை பார்க்கிற பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரின்தான் அப்படி நாறும், கண்ணும் எரியும். அப்போது மருந்தை ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டு, அந்த அழுக்கை எரித்துத் தீர்க்க வேண்டும். அதுவரை யாரும் இறங்கக் கூடாது.

பாதி வேலை, இறங்குகிறவர்களைக் குளிக்க வைப்பதில் இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்திலேயே ஷவர் வை. சோப்புப் போட்டு எண்ணெய் போகக் குளித்துவிட்டு வரட்டும். நைட்டியோடும் லுங்கியோடும் இறங்க விடாதே, துணியில் தங்கியிருக்கிற சலவைத்தூள்தான் மேலே நுரையாகப் பொங்கும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சியும், உன்னை மாதிரி பிரஷர் மாத்திரை போடுகிறவனும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சூடு 40க்கு மேல் போகவே கூடாது. பில்டரை வாரம் ஒருமுறை அலசுங்கள்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் தண்ணீருக்கு ஒரு வயசு உண்டு. லிட்டரை 11ஆல் வகுத்து, அதைத் தினசரி இறங்குகிற ஆட்களால் வகுத்தால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்று வரும். 1500 லிட்டரில் தினம் ஆறு பேர் என்றால் மூன்று வாரம்தான். புதுத் தண்ணீர் நிரப்புவதற்கு முன் குழாய் கழுவும் மருந்து போட்டு ஓடவிட வேண்டும். அந்த வழுவழுப்பு ஒளிந்திருப்பதெல்லாம் குழாய்க்குள்தான்.

இங்கேதான் என் மனசு ஒப்புவதில்லை, மாப்ளே. நம் ஜில்லாவைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லித் தண்டனைக்கு மாற்றல் போட்ட காலம் நமக்குத் தெரியும். இன்றைக்கும் இந்த ரோட்டில் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தைக் கட்டித் தள்ளிக்கொண்டு போகிற அக்காமாரைக் காலையில் பார்க்கிறேன். அவர்கள் பார்க்க 1500 லிட்டரை வடிகாலில் திறந்துவிட என்னால் முடியாது. மருந்தை நிறுத்தி, குளோரின் சுத்தமாகப் போகும்வரை வெயிலில் விட்டு, சோதித்துப் பார்த்து, கழிவறை பிளஷ் தொட்டிக்கும் முற்றம் கழுவவும் அனுப்புகிறேன். குழாய் கழுவிய மருந்து கலந்த தண்ணீரை அதற்கும் விடுவதில்லை, அது கழிவுநீர்க் குழிக்குத்தான். கடலில் ஒரு சொட்டும் விடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, பவளம் வாழ்கிற தண்ணீர் அது. இந்த ஏற்பாட்டுக்கு இடம் விட்டுத்தான் மருமகன் தொட்டி கட்ட வேண்டும். தினமும் காலையும் மாலையும் சோதனைக் குழாயோடு நிற்க ஒரு ஆள் இல்லையென்றால் தொட்டியே வேண்டாம், நல்ல ஷவர் நாலு போடுங்கள்.

மருமகனை அடுத்த வாரம் இங்கே அனுப்பு. என்னோடு தங்கி இரண்டு வேளையும் சோதனை செய்யட்டும், பில்டரைக் கழற்றி அலசட்டும். கடைக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்கு அப்புறம். வரும்போது போர்த் தண்ணீர் ஒரு லிட்டர் கழுவின பாட்டிலில் கொண்டுவரட்டும், பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். தங்கச்சியிடம் கருவாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன்
சேது