உத்தமபாளையம் வட்டத்தில் குழந்தைக் கல்விப் பட்டயப் படிப்புடன் சமுதாயக் கல்லூரி தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பகுதி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பொருள்: ஏலக்காய்த் தோட்டக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் படிக்கும்படியான காலத்தில், குழந்தைக் கல்வி முதலான ஓராண்டுப் பட்டயப் படிப்புகளை எங்கள் பகுதியிலேயே நடத்தித் தர வேண்டுதல் தொடர்பாக.

எங்கள் ஊர்ப் பெண்களில் பலருக்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில்தான் வேலை. விடிவதற்கு முன்பே ஜீப் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறினால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். தேவாரத்திலிருந்து நேரே மலையேறும் சாக்கலூத்துமெட்டுச் சாலை வந்தால் நேரம் மிச்சமாகும். அதற்காக ஊர்க்காரர்கள் தனியே மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அதை இங்கே கலக்கவில்லை. இந்த மனு எங்கள் பிள்ளைகளையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களையும் பற்றியது.

ஜீப் கிளம்பும் நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. நாங்கள் திரும்பும் நேரத்தில் அது பூட்டிக் கிடக்கும். அங்கன்வாடிப் பணியாளர்கள் மேல் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை நேரம் அது. சத்துமாவு, முட்டை, எடை பார்ப்பது, போஷான் டிராக்கர் செயலியில் பதிவது, நடுவில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் என்று அவர்களுக்கே தலைக்கு மேல் வேலை. ஆனால் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளை எங்கே இருக்கும்? பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டியிடம். இல்லாத வீட்டில், தெருவில் யாராவது ஒரு அக்காவிடம்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். முதுகுவலியால் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காரும். பல் விளக்கி, தூக்குவாளியில் கொடுத்துவிட்ட இட்லியை ஊட்டி, நேரமானதும் அங்கன்வாடியில் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் திரும்பக் கூட்டி வருவார். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து எண்ணச் சொல்லிக் கொடுப்பார். பாசத்தில் குறையே கிடையாது. ஆனாலும் மூன்றரை வயதுப் பையன் ஒருவன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டான். வீம்பு பிடித்த பிள்ளை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். சுகாதார செவிலியர் வேறு வேலையாக வந்தபோதுதான், காதில் சீழ் கட்டிச் சரியாகக் கேட்காமல் இருக்கிறான் என்பது தெரிந்தது. கைதட்டிப் பார், பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார், இந்த வயதில் இத்தனை சொல் பேச வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த அக்காவே முன்கூட்டிக் கண்டுபிடித்திருப்பார்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு நம் நாட்டில் வந்தது. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகள் வழியாகத் தொழிற்பட்டயங்கள் தந்து வந்திருக்கிறது. வயதைப் பார்த்து ஒதுக்காமல், அந்தந்த ஊரில் என்ன வேலை இருக்கிறதோ அதற்குப் பாடமும் செய்முறையும் சேர்த்துத் தருவதுதான் இதன் நோக்கம். எங்கள் ஊர்களில் அப்படி ஒன்று இல்லை.

இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைக் கல்விப் பட்டயம் அஞ்சல் வழியே இருக்கிறதே, அதில் சேரலாமே என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம், நல்ல படிப்புதான். ஆனால் அழுகிற குழந்தையை எப்படிச் சமாளிப்பது, ஒரே அறையில் இரண்டு வயதையும் ஐந்து வயதையும் எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று காட்டினால்தான் வரும். புத்தகத்தை விட்டுப் பத்து வருடம் ஆனவர்களுக்கு, தபாலில் வந்த கட்டு பிரிக்காமலே கிடக்கும்.

அப்புறம், நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது காலக் கணக்கு. கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறக்கின்றன. ஏலக்காய் எடுப்பும் அப்போதுதான் சூடு பிடிக்கும். மழையில் நனைந்தபடி தை மாதம் வரை காய் எடுப்போம். அந்தக் கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் வகுப்பில் வந்து உட்கார முடியாது. மாசி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை தோட்டத்தில் வேலை குறைவு. பாதி நாள் ஜீப்பே வராது. ஆகவே சேர்க்கையை பிப்ரவரியில் வைத்து, மே வரை முழு வகுப்பாக நடத்தி, எடுப்புக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு வைத்தால் ஓராண்டுப் படிப்பை எங்களால் முடிக்க முடியும். அரசுப் பள்ளிக் கட்டடங்கள் ஞாயிறன்று சும்மாதான் இருக்கின்றன. கோடை விடுமுறையிலும் அப்படியே. பிப்ரவரியிலிருந்து கோடை விடுமுறை வரை பள்ளி நடக்கும்போது மட்டும் சமுதாயக்கூடமோ வேறு இடமோ தேவைப்படும். மற்றபடி புதுக் கட்டடம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

பாடத்தில் எங்கள் ஊர் நிலைமையும் சேர வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, வெளியே தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. சிலர் எடுப்பு முடியும்வரை பிள்ளைகளோடு தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, தங்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் மலையாளம் கேட்டு வளர்ந்துவிட்டு இங்கே வந்து தமிழ்ப் பள்ளியில் திருதிருவென்று விழிக்கும். அவர்களை மந்தம் என்று முத்திரை குத்தாமல் பேச வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். முதலுதவியும் கட்டாயம் வேண்டும். தோட்டத்து மருந்து ஒட்டிய சேலையோடு வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதைக்கூட நாங்களாகவே பட்டுத் தெரிந்துகொண்டோம்.

சரி, படித்து முடித்தால் வேலை? 2025இல் அங்கன்வாடிக் காலியிடங்களுக்கு வந்த அறிவிப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். குழந்தைக் கல்வி படித்திருக்க வேண்டும் என்று இல்லை. பயிற்சி பணியில் சேர்ந்த பிறகுதான். இந்தப் பட்டயம் பெற்ற உள்ளூர்ப் பெண்களுக்கு நியமனத்தில் முன்னுரிமை தரும்படி சமூக நலத் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தில், அங்கன்வாடியோடு சேர்த்து ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்த வழி இருக்கிறது. ஜீப் கிளம்பும் நேரத்துக்கே திறக்கும் காப்பகம் எங்கள் ஊர்களில் ஒன்றிரண்டு வந்தாலும் போதும், படித்தவர்களுக்கு வேலையும் கிடைக்கும், திண்ணைக்குப் பாரமும் குறையும். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே இரண்டு வயதுப் பிள்ளையையும் சேர்த்து நினைத்த மாநிலம் இது. அதற்குக் குறைவாக நாங்கள் எதிர்பார்க்கத் தேவையில்லை.

இதே கல்லூரியில் வேறு இரண்டு படிப்புகளும் வைக்கலாம். ஒன்று, முதியோர் பராமரிப்பு. மலைக்கு அந்தப் பக்கம் அதற்கு ஆள் தேவை அதிகம். இன்னொன்று, ஏலக்காய் உலர்த்தலும் தரம் பிரித்தலும். போடியில் காய் பொறுக்கும் பெண்கள் எட்டு எம்எம் காயைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள், ஆனால் கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. ஆண்பிள்ளைகளுக்கு ஜீப் மெக்கானிக் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அது பிறகு வந்தாலும் பரவாயில்லை.

கட்டணத்தை ஒரே தவணையில் கேட்டால் பாதிப் பேர் சேர மாட்டார்கள். குழுச் சேமிப்பிலிருந்து மாதாமாதம் கட்டிவிடுவோம். வகுப்பு நடக்கும் இடத்திலேயே கைக்குழந்தைகளை விட ஓர் அறை வேண்டும். குழந்தைக் கல்வி படிக்க வந்தவர் தன் குழந்தையை விட இடமில்லாமல் திரும்பிப் போகக் கூடாது அல்லவா.

ஆகவே, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் இதற்கான முன்மொழிவை மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் அனுப்பவும், செய்முறைப் பயிற்சிக்கு அங்கன்வாடிகளைப் பயன்படுத்தக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு அறிவுறுத்தவும் வேண்டுகிறோம். வரும் பிப்ரவரிக்குள் முதல் அணி சேர வேண்டுமானால், ஏலக்காய் எடுப்பு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் பேசினால் நல்லது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. சேர விரும்புவோரின் பெயர், வயது, படிப்பு விவரமும் கையொப்பங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்

இடம்: தேவாரம்