முத்திரையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜியோகேச்சிங் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு மலையில் டப்பா தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் டப்பாவில் பிடித்ததை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஒன்று வைக்கலாம் என்று எழுதியதோடு நிறுத்திவிட்டீர்கள். எந்த டப்பாவில் என்று சொல்லவில்லையே? லெட்டர்பாக்ஸிங் என்று முத்திரை டப்பா தேடும் வேறொரு விளையாட்டு ஆடும் எங்கள் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், பிளைமவுத்தில். பக்கத்திலிருக்கும் டார்ட்மூர் என்ற மேட்டு நிலம்தான் லெட்டர்பாக்ஸிங் பிறந்த இடம். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற இடத்தில் (பேர்தான் குளம், இருப்பது சேற்றுப் பள்ளம்) ஒரு பாட்டிலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போக வழி செய்தார். அப்படி வந்த பழக்கம் என்பதால் இன்றைக்கும் டப்பாவில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரு நோட்டும்தான் இருக்கும். அதன் முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொள்கிறோம், நம்முடையதை அதன் நோட்டில் குத்துகிறோம், மூடி வைத்துவிட்டு வருகிறோம். எடுக்க அதில் ஒன்றும் கிடையாது.

ஜியோகேச்சிங் வேறு வம்சம். 2000 மே 2-இல் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தை வேண்டுமென்றே மழுங்கடிப்பதை நிறுத்தியது. மறுநாளே ஒரிகானில் டேவ் அல்மர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டு ஒளித்து வைத்தார், பீன்ஸ் டின் உட்பட! எடுப்பதும் வைப்பதும் அவர்களுக்கு அன்றைக்கே வந்த பழக்கம்.

போன வருடம் என் மகள் அழிரப்பரில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மயில் செதுக்கினாள். ஒரு பாறை இடுக்கில் டப்பாவை வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மயில் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு பொம்மைக் கார். நோட்டில் நன்றி வேறு எழுதியிருந்தது. அப்புறம்தான் பார்த்தோம், அதே பாறையின் மறுபக்கத்தில் ஒரு ஜியோகேச் இருந்தது.

இரண்டு ஜியோகேச்சுகளுக்கு நடுவே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஆனால் லெட்டர்பாக்ஸ் அவர்கள் பட்டியலிலேயே இல்லை, அந்தக் கணக்கில் வராது. நாங்களும் யோக்கியமில்லை, சரி. டப்பா இருக்கும் இடத்துக்கான குறிப்பை எங்களுக்குள்ளேயே சுற்றவிட்டு, வெளியாள் கண்ணில் படாமல் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறோம், பிறகு அவனுக்கு எப்படித் தெரியும்? என் கணவரே ஒருமுறை யாரோ வீசிய குப்பை என்று நினைத்து ஒரு ஜியோகேச்சை வீட்டுக்குத் தூக்கி வந்து, உள்ளே நோட்டைப் பார்த்ததும் திரும்ப ஓடினார்.

ஒரே டப்பாவை இரண்டு கூட்டமும் தேடும்படி 'லெட்டர்பாக்ஸ் ஹைப்ரிட்' என்று ஜியோகேச்சிங்கிலேயே ஒரு வகை இருக்கிறது, அதிலும் முத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துப் போகக் கூடாது. இடத் தகராறுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இப்போது மூடியின் உள்பக்கத்தில் 'முத்திரை மாற்றிக்கொள்வதற்கல்ல' என்று பெரிதாக எழுதி ஒட்டுகிறோம்.

கோடையில் பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும் உங்கள் வாசகர்கள் பேரக்குழந்தைகளோடு டார்ட்மூர் பக்கம் போனால், டப்பாவைத் திறந்ததும் ஸ்டாம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொம்மைக் கார் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போனவர் மயிலை அதே பாறை இடுக்கில் வைத்துவிட்டு ஒரு வரி எழுதிப் போட்டால், காரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்.

ஒரு வாசகி,
பிளைமவுத்